வெள்ளை மாவு

கபுராவை வாழைத்தோப்பின் ஓரத்தில் புதைத்து எட்டு நாள் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். செத்தவளைப் பற்றி வேறு எப்படிப் பேசுவார்கள்? பொறுமைசாலி என்றார்கள். அது பொய். அவளுக்குப் பொறுமையே கிடையாது. எனக்கும் கிடையாது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது, அதனாலேயே ஒத்துப்போகாமலும் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அவளுக்குப் பக்கத்து நிலத்துக்காரி நான். அவள் மகள் நிபிகிராவின் கால்கள் போனதில் எனக்கும் பங்கு உண்டு. கபுரா உயிரோடு இருந்தவரை அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் புருண்டிக்காரிகள்தான். ஆனால் அவள் மலை, நான் ஏரி. நான் பிறந்தது தங்கனிக்கா ஏரிக்கரையில். மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் தின்று வளர்ந்த உடம்பு இது. அவள் வந்தது பட்டாணியும் மக்காச்சோளமும் விளைகிற குளிர் மலையிலிருந்து. பால் பானையைப் புகை காட்டித் துடைத்து வைக்கிற சனங்கள். மீனைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். பசித்தாலும் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் பார்க்க வாயில் போட மாட்டார்கள். அவ்வளவு கௌரவம்.

எழுபத்திரண்டில் கொலைகள் நடந்தபோது என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. தனியாக எல்லையைத் தாண்டி தான்சானியாவுக்கு வந்தேன். கபுரா தன் புருஷன் மிபுரோவோடும் மூன்று பிள்ளைகளோடும் நடந்தே வந்தாள். மூத்தவள் நிபிகிரா. அடுத்து இரட்டைப் பிள்ளைகள், புக்குருவும் புத்தோயியும். புக்குரு மலகராசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் போய்விட்டான். மண்ணை மூடிவிட்டு நடந்தார்கள். உட்கார்ந்து அழ நேரமில்லை.

இரண்டு வருஷம் முகாமில் வைத்திருந்துவிட்டு, அரசாங்கம் எங்களை லாரிகளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியது. காட்டை அறுத்துச் சாலை போட்டு, சாலைகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பதினோராம் சாலை. குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு மண்வெட்டி, ஒரு கோடாலி, ஆளுக்கொரு போர்வை. இரண்டாம் அறுவடை வரைக்கும் ரேஷன் உண்டு, அப்புறம் உன் பாடு. ஏக்கர் என்றால் நிலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் மரம். மரத்துக்கு மரம் செட்சி ஈ. கடித்தால் சட்டைக்கு மேலேயே ரத்தம் வரும்.

கபுராவை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். தலையில் பானையோடு மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். இறக்கி வைக்க ஒரு கை அகலத்துக்குச் சுத்தமான இடம் தேடினாள்.

"எங்கடி வைக்கிறது இத?" என்று என்னைக் கேட்டாள். முன்பின் தெரியாதவளை 'டி' போட்டுப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

"தலையிலயே வச்சுக்க. மரத்த வெட்டுனதுக்கப்புறம் எறக்கு."

"எத்தன நாளாகும்?"

"உன் வீட்டுக்காரர் கையப் பாத்தா ரெண்டு வருஷம் ஆகும் போலிருக்கு."

மிபுரோ சிரித்தார். ஊரில் அவர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். கையில் காய்ப்பே கிடையாது. ஆனால் வெட்டினார். கை பொத்துப் போய், துணி சுற்றிக்கொண்டு வெட்டினார். முதல் மழைக்குள் மூன்று ஏக்கர் வெட்டித் திருத்திவிட்டார்கள், கபுரா வேரைப் பறிக்க, நிபிகிரா கல்லைப் பொறுக்க. நிபிக்கு அப்போது எட்டு வயது. எனக்கு ஆள் இல்லையென்று அவளாகவே எனக்கும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். நடந்து வரமாட்டாள், ஓடித்தான் வருவாள். பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விடும்.

"அரைக் குடம் கொண்டாறதுக்கு ஏன்டி இந்த ஓட்டம்?" என்பேன்.

"ரெண்டு தரம் ஓடுனா முழுக் குடம் அத்தை" என்பாள்.

எல்லாரும் வாழைக்கன்று நட்டபோது கபுரா மட்டும் நடவில்லை. வாழை வைத்தால் தங்கிவிட்டோம் என்று அர்த்தம் என்பாள். அவள் முடிச்சில் மலையிலிருந்து கொண்டுவந்த பட்டாணி விதை இருந்தது. மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். இந்த வெயிலில் பட்டாணி எங்கே வரும்? மூன்று தரமும் கருகியது. மிச்சம் ஒரு பிடியை முடிந்து வைத்துக்கொண்டாள்.

"நடந்து வந்தோம், நடந்தே போவோம். நாலு பேருக்கும் காலு இருக்குல்ல" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நாங்கள் நட்டது மரவள்ளி. இனிப்பு மரவள்ளியை நட்டால் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் தோண்டித் தின்றுவிடும். கசப்பு மரவள்ளியைப் பன்றி தொடாது, குரங்கு தொடாது. அதில் விஷம் இருப்பது அதுகளுக்குத் தெரியும். மனுஷன்தான் அதைப் பக்குவப்படுத்தித் தின்னக் கற்றவன். கபுராவுக்கு நடவுக் குச்சி கொடுத்தவள் நான்தான். பக்குவம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். தோலைச் சீவி, ஓடையோரக் குழியில் மூன்று நாள் முழுசாக ஊறப்போட வேண்டும். கிழங்கு புளித்து நொதித்து, விரலால் அழுத்தினால் குழைய வேண்டும். அப்புறம் காயவைத்து, இடித்து, சலித்து, களி கிண்ட வேண்டும்.

ஆனால் அந்தக் குழி நாறும். செத்த எலி மாதிரி நாறும். மாவிலும் கொஞ்சம் அந்த வாடை நிற்கும். எங்கள் ஏரிக்காரர்களுக்கு அது சோற்று வாசனை. மலைக்காரிகளுக்குக் குமட்டல். பால் பானையைப் புகை காட்டி வைக்கிறவள் இந்த நாற்றத்தை வீட்டுக்குள் விடுவாளா? ஒரே நாளில் எடுத்துவிடுவாள். கேட்டால், "ஊறிடுச்சு, போதும்" என்பாள். அவள் மாவு வெள்ளைவெளேரென்று இருக்கும், ஒரு வாடை கிடையாது. மலைக்காரிகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். யார் மாவு வெள்ளை என்று அவர்களுக்குள் போட்டியே உண்டு. கபுராவை யாரும் ஜெயித்ததில்லை. தட்டில் கொட்டி, மூக்கருகே கொண்டுபோய், "பாரு, ரேஷன் மாவு மாதிரி இல்ல?" என்று காட்டுவாள்.

"வெள்ளையா இருந்தா ஆச்சா? மூணு நாள் போடுன்னா போடு" என்று நான் கத்துவேன்.

"நாத்தம் பிடிச்சாத்தான் சோறா? போடி, ஏரிக்காரி."

ரேஷன் நின்ற பிறகும் இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பீன்ஸ் விளைந்தது. வாரத்தில் நாலு நாள் களியோடு பீன்ஸ் இருந்தது. கொஞ்சம் மிச்சமிருந்த விஷத்தை உடம்பு தள்ளிவிட்டது போலிருக்கிறது. நானும் கத்துவதைக் குறைத்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த மலையில் பொம்பளைகள் ஆட்டுக்கறி தின்ன மாட்டார்கள். ஈஸ்டருக்குச் சாலைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆடு வெட்டினால், கபுரா புருஷனுக்கும் புத்தோயிக்கும் வைப்பாள். நிபி சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஒரு துண்டு குடுடி புள்ளைக்கு" என்றேன் ஒருதரம்.

"பொட்டப் புள்ள ஆடு தின்னா தாடி மொளைக்கும்."

"மொளைச்சா நான் செரைச்சு விடறேன். கொண்டா."

நிபி தாடையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கபுரா கொடுக்கவில்லை.

நாலாம் வருஷம் நாங்கள் சண்டை போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பெண்கள் எல்லாரும் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். யார் வீட்டில் களி நன்றாக இருக்கும் என்று என்னமோ பேச்சு. கபுரா என்னைக் காட்டிச் சொன்னாள், "ஹபோனி வீட்டுல சாப்பிடப் போனா மூக்கக் கழட்டி நம்ம வீட்டுல வச்சுட்டுப் போகணும்." எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"மலையில மகாராணியா இருந்தவ, இங்க வந்து நான் போட்ட பிச்சைக் குச்சியத்தானே நட்டுத் தின்னுட்டிருக்கா" என்றேன்.

மலைக்காரர்களை அடிக்கலாம், திருடன் என்று கூடச் சொல்லலாம். பிச்சை என்று மட்டும் சொல்லக்கூடாது. கபுரா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து நிபி தண்ணீர் கொண்டுவரவில்லை. வழியில் பார்த்தால் கபுரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நானும் திருப்பிக்கொண்டேன். நிபி மட்டும் ஒருதரம் அம்மாவுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கையைக் காட்டினாள். நான் அதற்கும் முகம் கொடுக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையிடம் ரோஷம் காட்டிய புத்திசாலி நான்.

அந்த வருஷம் மழை வரவில்லை. வானம் கறுக்கும், இடிக்கும், போய்விடும். பீன்ஸ் பூவோடு கருகியது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. மரவள்ளி ஒன்றுதான் நின்றது. அதற்கு மழை தேவையில்லை. காலையும் களி, மாலையும் களி, தொட்டுக்கொள்ள அதே செடியின் கீரை.

மழை பொய்த்த வருஷத்துக் கிழங்கில் விஷம் கூடும். இதை எங்கள் ஏரிக்கரையில் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். செடி தண்ணீருக்குத் தவிக்கத் தவிக்க வேரில் கசப்பு ஏறும். அப்போது மூன்று நாள் போதாது, நாலு நாள், ஐந்து நாள் போட வேண்டும். என் வீட்டுக் கிழங்கை நான் ஐந்து நாள் போட்டேன்.

கபுரா ஒரு நாளில் எடுத்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சத்தத்தில் தெரியும். நன்றாக ஊறிய கிழங்கை இடித்தால் உலக்கை பொத் பொத்தென்று விழும். ஊறாத கிழங்கு காய்ந்த சுள்ளி மாதிரி டக்கு டக்கென்று உடையும். தினமும் காலையில் அவள் வீட்டு உலக்கைச் சத்தம் என் வாசலுக்கு வரும். டக்கு டக்கு. மலைக்காரிக்கு இது விஷம் கூடும் வருஷம் என்று தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு நிலத்துக்கும் நடுவே நாற்பது அடி கூட இல்லை. எழுந்து போய், "ஏய், இந்த வருசம் அஞ்சு நாள் போடு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவளைப் பார்த்துச் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கலாம்.

சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, என் மனசில் ஓடியதையும் எழுதிவிடுகிறேன். 'தலை சுத்தட்டும், ரெண்டு நாள் வாந்தி எடுக்கட்டும், அப்ப தெரியும் ஏரிக்காரி யாருன்னு' என்று நினைத்தேன். அந்தக் கிழங்கால் தலை சுற்றும், வாந்தி வரும். அதுவரைதான் எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் கால் போய் யாரையும் நான் பார்த்ததில்லை. இது சமாதானம் இல்லை, நடந்தது இது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒரு காலை நான் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் நிபி குடத்தோடு போனாள். அன்றைக்கு அவள் ஓடவில்லை. காலை இழுத்து இழுத்து வைத்தாள். சட்டென்று மடங்கி விழுந்தாள். குடம் உருண்டது. எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கூட வந்த பிள்ளைகள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தன. எனக்கும் கூட அப்படித்தான் தோன்றியது.

"அத்தை, காலு வரமாட்டேங்குது" என்றாள்.

போய்த் தொட்டேன். இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு நின்றன. பிரித்தால் மறுபடி பின்னின. அப்புறம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கபுரா வீட்டுக்கு ஓடினேன். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாசலில் கால் வைத்தேன்.

கபுரா உலக்கையைக் கீழே போட்டாள். முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் நாட்டில் காரணம் தெரியாத நோய்க்கு ஒரே காரணம்தான், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். யார்? சண்டை போட்டவள். பிள்ளை இல்லாதவள். முதலில் தொட்டுத் தூக்கியவள். மூன்றுக்கும் பொருந்தியவள் நான் ஒருத்திதான். சாயங்காலத்துக்குள் பதினோராம் சாலை முழுக்க என் பெயர் விஷக்காரி. என் குழியில் மண்ணைப் போட்டு மூடினார்கள். என் வாசலில் யாரோ செத்த கோழியை எறிந்தார்கள். மிபுரோ மட்டும் வந்தார். கோபப்படத் தெரியாத மனுஷர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, வச்சிருந்தா எடுத்துருங்க. நாங்க யாருகிட்டயும் சொல்லல. புள்ள நடந்தாப் போதும்."

"நான் வைக்கல தம்பி. என் வீட்டுக்காரர் எலும்பு மேல சத்தியமா வைக்கல" என்று அழுதேன். அது உண்மை. உண்மையைச் சொல்லி அவ்வளவு கூசியதில்லை நான்.

நிபி ஒருத்தியோடு நின்றிருந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள். ஆனால் அடுத்த வாரம் பன்னிரண்டாம் சாலையில் ஒரு பெண் விழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒரு மாதத்தில் எட்டுப் பேர். எட்டும் மலைக்காரர் வீடு, எட்டும் பெண்கள். விஷக்காரிக்கு அவ்வளவு தூரம் கை எட்டுமா என்று ஊருக்கே சந்தேகம் வந்தபிறகுதான் ஜீப்பில் டாக்டர் வந்தார். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர். எங்களுக்கு ஜீப்பில் வருகிறவர் எல்லாம் டாக்டர். மூன்று நாள் தங்கி வீடு வீடாகச் சட்டியைத் திறந்து பார்த்தார், மாவை நாக்கில் வைத்துத் துப்பினார். கடைசி நாள் ரேஷன் கிடங்கு வாசலில் எல்லாரையும் கூட்டினார்.

"இது விஷம்தான், ஆனா யாரும் வைக்கல. உங்க கிழங்குல இருந்தது. சரியா ஊறல. பீன்ஸ், மீன், கறி சாப்பிடறவங்க உடம்பு கொஞ்சம் தாங்கும். வெறும் களி தின்ன உடம்பு தாங்காது" என்றார்.

கபுரா எழுந்தாள். "மருந்து எப்ப குடுப்பீங்க ஐயா?"

"இதுக்கு மருந்து இல்லம்மா."

"ஊசி?"

"இல்ல. இதுக்கு மேல மோசமாகாது. ஆனா சரியும் ஆகாது. இனிமே வேற யாரும் விழாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

அவள் உட்காரவில்லை. அவர் வேறு எதையோ சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தாள். மிபுரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

பிறகு அவர் கேட்டார், "சரியா ஊறப்போடத் தெரிஞ்சவங்க யாராவது இங்க இருக்கீங்களா?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றுவரை விஷக்காரி, இன்றைக்கு வாத்தியார். குழி பக்கம் கூட்டிக்கொண்டு போய் என்னைச் செய்துகாட்டச் சொன்னார். மண்ணைத் தோண்டிக் குழியைத் திறந்து, வீட்டுப் பானையில் ஊறியிருந்த கிழங்கைக் கொண்டுவந்து பிசைந்து காட்டினேன். "மழை இல்லாத வருசத்துல அஞ்சு நாள்" என்றேன். முன்வரிசையில் கபுரா நின்றாள். "அஞ்சு நாளா?" என்று கேட்டாள். "அஞ்சு நாள்" என்றேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள், குழந்தை எண்ணுகிற மாதிரி. என் நாக்கு அப்போதும் அசையவில்லை.

மறுநாள் அவள் ஊரில் எங்கெங்கோ அலைந்து ஆட்டுக்கறி வாங்கிவந்தாள். எங்கள் எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். அடுத்தவர் பார்க்க ஒரு வாய் தின்னாதவள், எங்கள் முன்னால் உட்கார்ந்து ஆட்டுக்கறியைத் தின்றாள். குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். இன்னொரு துண்டை எடுத்து நிபியின் வாயில் வைத்தாள்.

நிபி தாடையைத் தடவிப் பார்த்தாள். "தாடி மொளைக்காதா அம்மா?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே கபுரா என் வீட்டுக்கு வந்தாள். தலையில் சோளக்கள் பானை. பஞ்ச வருஷத்தில் அந்தச் சோளத்துக்கு எங்கே போனாளோ தெரியாது. பானையை என் முன் வைத்து நாணல் குழாயைப் போட்டாள். கொண்டுவந்தவள் முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டும், விஷம் இல்லை என்பதற்கு. குடித்தாள். குழாயை என் பக்கம் திருப்பினாள்.

"உன்ன விஷக்காரின்னு நெனைச்சேன். என் கையால என் புள்ளைக்கு நானே வச்சுட்டு உன்ன நெனைச்சேன். மன்னிச்சுரு ஹபோனி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். இழுத்துக் குடித்தேன். "விடு, தெரியாமத்தானே" என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் அந்த வாய்க் கள்ளுதான்.

அடுத்த மழை வந்தபோது கபுரா என்னிடம் வாழைக்கன்று கேட்டாள். ஆறு கன்று கொடுத்தேன். வரிசையாக நட்டாள். அந்த ஒரு பிடிப் பட்டாணியை அடுப்பில் போட்டு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். "நாலு பேருக்கும் கால் இருக்கு" என்ற பேச்சை அப்புறம் அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

ஒரு வருஷம் நிபியை முதுகில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போக ஒரு மணி, வர ஒரு மணி. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கால்கள் அவள் முழங்காலில் இடிக்கும். மிபுரோ இரண்டு கோல் செதுக்கிக் கொடுத்தபிறகு நிபி நுனிக்காலில் நடக்கப் பழகினாள். ஒவ்வொரு அடிக்கும் முட்டி முட்டியோடு உரசும். படித்தாள், தையல் கற்றாள், இன்றைக்கு இந்தச் சாலைக்கே அவள்தான் தைக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள், கோலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். புத்தோயி வளர்ந்து நகரத்துக்குப் போய் லாரி ஓட்டுகிறான். மிபுரோ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

நாற்றம் பிடிக்காத கபுரா நாற்றத்தைத் தேடி அலைகிறவள் ஆனாள். யார் வீட்டில் கிழங்கு ஊறினாலும் குழியருகே குந்தி உட்கார்ந்து மூக்கை வைப்பாள். "நாறுதா? நல்லா நாறட்டும்" என்பாள். நாறாவிட்டால் எடுக்க விடமாட்டாள். புது மருமகள்கள் அவளைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள். அவளைக் கிறுக்கி என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் எங்கள் சாலையில் அப்புறம் ஒரு பெண்ணும் விழவில்லை.

ஒன்றுதான் மாறவில்லை. காலையில் அவள் இடிக்கும்போது உலக்கை பொத் பொத்தென்று விழும். கூடவே அவள் குரலும் வரும். "வெள்ளை மாவுக்காரி. வெள்ளை மாவுக்காரி." வேறு யாரையும் இல்லை, தன்னைத்தான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு திட்டு. இருபது வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றினேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் போவேன், சொல்லாமல் வருவேன். சாகிறவளுக்கு எதற்கு இது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நியாயம் எப்போதும் கைவசம் இருக்கும்.

இன்றைக்குத் துக்கம் முடிகிற நாள். வந்தவர்கள் கள் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். வாசலில் நானும் நிபியும் மட்டும். அவளுக்கும் முப்பது தாண்டிவிட்டது, நெற்றியில் அம்மாவின் கோடு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உலக்கைச் சத்தத்தைச் சொன்னேன், ஐந்து நாள் எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன், வாந்தி எடுக்கட்டும் என்று நினைத்ததைக்கூட விடவில்லை. அவள் கோலால் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் கோலின் நுனியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட எதுக்கு அத்தை சொல்ற?" என்றாள்.

"காலு உன்னுதாச்சே."

"காலு போனது போனதுதான். எனக்கு அது பழகிப்போச்சு. அம்மாவுக்குத்தான் பழகல. தெனமும் காலையில தன்னையே திட்டிக்கிட்டு இடிச்சா. கேட்டேல்ல நீ?"

"கேட்டேன்."

"அதுல பாதி உன்னுது. நீ வந்து வாங்கிட்டுப் போயிருந்தா, அவ கொஞ்சம் மூச்சு விட்டிருப்பா."

இத்தனை வருஷம் நான் பயந்தது அவர்கள் என்னை வெறுப்பார்களே என்று. நான் சொல்லாததால் கபுரா எதைச் சுமக்கிறாள் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இனி நினைத்து என்ன ஆக? நான் அழுதேன். நிபி என்னைத் தேற்றவில்லை.

கோலை ஊன்றி எழுந்தாள். "அம்மா படுக்கையில விழறதுக்கு முன்ன சீவி வச்ச கிழங்கு தீந்துபோச்சு. நான் போட்டது குழியில கெடக்கு. நாலு நாள் ஆச்சு. எனக்குக் குனிஞ்சு தூக்க முடியாது. வந்து எடுத்துக் குடு."

முன்னால் அவள் போனாள், பின்னால் நான் போனேன். குழியில் கைவிட்டு ஒரு கிழங்கை எடுத்து அழுத்தினேன். குழைந்தது. அவள் கையை நீட்டி வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள், சரி என்று கூடையில் போட்டாள். மீதியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.